தனியார் மண் அணைக் கரையில் கசிவு, விரிசல், சரிவு: அறிகுறியைக் கண்டால் செய்ய வேண்டியவை

காபித் தோட்டங்களிலும் தேயிலை எஸ்டேட்டுகளிலும் சமவெளியின் பெரிய பண்ணைகளிலும், பாசனத்துக்காகவோ மீன் வளர்ப்புக்காகவோ ஓடையை மறித்து எழுப்பிய மண் கரைகள் உண்டு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில வரையறைகளுக்குள் வருபவற்றையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்த உயரமுள்ள தனியார் கரையைப் பார்த்துக்கொள்ளும் முழுப் பொறுப்பும் நிலத்தின் உரிமையாளரிடமே இருக்கிறது. எட்டு மீட்டர் உயரக் கரை உடைந்தால் கீழே இருக்கும் குடியிருப்புக்கு அது சிறிய அணையாக இராது. கென்யாவின் நகுரு மாவட்டம் சோலாயில் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை 2018 மே 9 இரவில் உடைந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கீழே உள்ளவை அத்தகைய உரிமையாளருக்கும் தோட்ட மேலாளருக்கும் கரையை நாள்தோறும் பார்க்கும் காவலாளிக்கும் எழுதப்பட்டவை. மண் கரையில் மனிதக் கை இயல்பாகச் செய்ய விரும்பும் காரியம், நீர் வரும் இடத்தை வெளியிலிருந்து அடைப்பது. பெரும்பாலும் கரையைக் கெடுப்பதும் அதுதான். நீரை வெளியேற விட்டு, அதனுடன் மண் போகாமல் தடுப்பதே சரியான வழி என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்வரும் பல முறைகள் அந்த ஒரு விதியிலிருந்தே வருகின்றன.

தொடங்கும் முன் சில பொருள்கள் கைவசம் இருக்கட்டும். நீர்மட்டத்தைக் காட்ட உள்பக்கத்தில் நட்ட அளவுக்கோல், மூடியுள்ள நிறமற்ற கண்ணாடிப் புட்டி, பத்து லிட்டர் வாளி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய், ஒரு தடித்த நோட்டு ஆகியவை போதும். நோட்டில் தேதி, நீர்மட்டம், மழை, கசிவின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். 1874-இல் சென்னை ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார்மீது தொடுத்த வழக்கில், பெருமழையில் அவருடைய ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமடைந்திருந்தும், அவர் கவனக்குறைவாக இருந்ததாக நிரூபிக்கப்படாததால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. காலங்காலமாக ஊருக்கு நீர் தந்த ஏரிகள் அவை என்பதும் அத்தீர்ப்பில் எடைபோடப்பட்டது. சொந்த இலாபத்துக்காக அண்மையில் கட்டிய கரைக்கு அதே சலுகை கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி வேறில்லை.

வெளிச்சரிவிலோ கரையடியிலோ ஈரமும் கசிவும் தெரிகின்றன

கசியாத மண் கரை கிடையாது. கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஒரு பட்டை மட்டும் பச்சையாக இருப்பது, கோரை முளைப்பது, கால் வைத்தால் அமுங்குவது ஆகியவை கசிவின் அடையாளங்களே தவிர ஆபத்தின் அடையாளங்கள் அல்ல. ஆபத்தை மூன்று கேள்விகள் காட்டிக்கொடுக்கும்: நீர் தெளிவாக வருகிறதா, அதே நீர்மட்டத்தில் கசிவு முன்பைவிடக் கூடியிருக்கிறதா, கரையடியில் இருந்த ஈரம் சரிவில் மேலேறியிருக்கிறதா.

தெளிவைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். கசியும் இடத்தில் சேற்றைக் கிளறாமல் புட்டியில் நீரைப் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் என்ன படிகிறது என்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். செந்நிறமாக, சளி போலத் திரளும் பொருள் இரும்புச்சத்தால் வளரும் நுண்ணுயிர்ப் படலமாக இருக்கலாம். விரல்களுக்கிடையே தேய்த்தால் அது வழவழவென்று நழுவும். மணலோ வண்டலோ ஆனால் நறநறக்கும். களிமண் துகள் நறநறக்காது, எளிதில் படியவும் படியாது. அரை மணிக்குப் பின்னும் நீர் பால் கலந்தது போலக் கலங்கியே இருந்தால் அதையும் மண் போவதாகவே கொள்ளுங்கள். நறநறப்போ நீங்காத கலக்கமோ தெரிந்தால் உங்கள் கரையின் உடம்பு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

நீர் தெளிவாக இருந்தால், கசிவைச் சிறு வாய்க்காலில் ஒன்றுசேர்த்து, ஒரு குழாய்த் துண்டின் வழியே விழச் செய்து, வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்து வாருங்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. மட்டம் மாறாதிருக்கும்போதோ இறங்கும்போதோ கசிவு கூடினால் உள்ளே வழி அகலமாகிறது என்று பொருள். ஓடிக்கொண்டிருந்த கசிவு திடீரென நின்றாலும் மகிழ வேண்டாம். உள்ளே மண் சரிந்து வழியை அடைத்திருக்கலாம், அழுத்தம் சேர்ந்ததும் வேறோர் இடத்தில் பீறிடலாம்.

நீர் கலங்கி வந்தால் அன்றைய மற்ற வேலைகளை விட்டுவிடுங்கள். மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள், கீழே உள்ளவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், பிறகு கசியும் வாயின்மேல் வடிகட்டிப் படுகை போடுங்கள். மண்ணைத் தொடும் முதல் அடுக்கு தூசி கலவாத பருமணல். அதன்மேல் 6 மி.மீ. சிறு ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி; கடைசியில் கனத்துக்காகக் கருங்கல். கசிவின் வாயைச் சுற்றி ஒரு மீட்டராவது தள்ளி இது பரவ வேண்டும். நீரின் வேகம் மணலை அடித்துச் சென்றால், முதலில் பெரிய கற்களைப் போட்டு வேகத்தை உடைத்து, இடுக்குகளில் ஜல்லியை நிரப்பி, அதன்மேல் மணலும் மீண்டும் ஜல்லியும் பரப்புங்கள். படுகை சரியாக அமைந்தால் நீர் நிற்காது, ஆனால் தெளியும். அதுவே வெற்றிக்கு அடையாளம். தூசி கழுவப்படாத எம்-சாண்டை இங்கே பயன்படுத்தாதீர்கள், அந்தத் தூசியே வடிகட்டியை அடைத்துவிடும்.

களிமண், தார்ப்பாய், சிமென்ட் கலவை ஆகியவற்றை வெளிப்பக்கத்தில் போடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வெளியேற வழியில்லாத நீர் கரைக்குள்ளேயே மட்டம் உயர்ந்து, முழுச் சரிவையும் ஊறவைத்துச் சாய்த்துவிடும். அடைக்கும் பொருளுக்கு இடம் கரையின் உள்பக்கம்தான். நீர் நுழையும் வாய் தெரிந்தால் அங்கே களிமண் மூட்டைகளையோ தார்ப்பாயையோ இறக்கலாம். நீருக்குள் சுழல் தெரிகிற இடத்தில் ஆளை மட்டும் இறக்கக் கூடாது.

கரையடிக்கு வெளியே தரையில் நீர் குமிழியிட்டு, வாயைச் சுற்றி மணல் எரிமலை வாய்போலக் குவிந்தால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கிச் சிறு தொட்டி போலாக்குங்கள். தொட்டியில் நீர் ஏறும்போது எதிரழுத்தம் உண்டாகி மண் வருவது நிற்கும். அந்த உயரத்திலேயே ஒரு குழாயை வைத்துத் தெளிந்த நீரை வழியவிட வேண்டும். முழுதாக அடைக்கும் உயரத்துக்கு மூட்டைகளை ஏற்றினால் சில அடிகள் தள்ளி இன்னொரு வாய் திறக்கும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த டீட்டன் அணை சான்று. 93 மீட்டர் உயரமும், அரசின் பொறியாளர்களும், கனரக இயந்திரங்களும் இருந்த அந்த மண் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு காணப்பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

மதகுக் குழாயின் ஓரமாக நீர் வருகிறது

சிறிய தனியார் அணைகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த இடத்தைத்தான். குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணைத் திமிசால் இறுக்குவது கடினம். அங்கே விட்ட இடைவெளி நீருக்கு நேர்வழியாகிவிடும். போதாததற்கு, பல தோட்டங்களில் வால்வைக் குழாயின் வெளிமுனையில் வைத்திருக்கிறார்கள். வால்வை மூடினாலும் கரைக்குள் கிடக்கும் குழாய் முழுதும் அழுத்தத்தில்தான் இருக்கும்; துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அந்த அழுத்தம் நேரே கரையின் மண்ணில் பாயும்.

இரண்டில் எது என்று கண்டறிய, உள்முனையைப் பலகையும் சாக்கும் கொண்டு தற்காலிகமாக அடைத்து, வெளிவால்வைத் திறந்து குழாயை வடித்துவிடுங்கள். வடித்த சில மணி நேரத்தில் ஓரக்கசிவு குறைந்தால் குற்றம் குழாயின் உடம்பில் அல்லது இணைப்பில் இருக்கிறது. குறையாமல் ஓடினால் நீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வருகிறது. முன்னதற்கு, பழைய குழாய்க்குள் சற்றுச் சிறிய எச்.டி.பி.இ. (உறுதியான பிளாஸ்டிக்) குழாயைச் செருகி, இடைவெளியைச் சிமென்ட் கூழால் நிரப்பி, வால்வை உள்முனைக்கு மாற்றுவது நிலையான தீர்வு. பின்னதற்கு, குழாயின் வெளிமுனையைச் சுற்றிலும் மணல், ஜல்லி வடிகட்டி அமைத்து நீரைத் தெளிவாக வாங்கிக்கொள்ள வேண்டும். குழாய் போன தடத்துக்கு நேர்மேலே கரையில் குழி விழுந்திருந்தால் இந்தச் சோதனைகளுக்கு நேரமில்லை. நீர்மட்டத்தை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

கரையில் விரிசல் தெரிகிறது

விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே முதல் கேள்வி. கோடையில் கரிசலும் களியும் சதுரம் சதுரமாகப் பிளப்பது மேலோட்டமானது; மழை தொடங்குமுன் மண் தூவி, புல் வளர்த்தால் போதும். கரையின் நீளத்தை ஒட்டி ஓடும் விரிசல், இருமுனைகளும் கீழ்நோக்கி வளைந்து, ஒரு பக்கம் ஓரிரு விரல்கிடையாவது தாழ்ந்திருந்தால் அது சரிவின் தொடக்கம். கரையின் குறுக்கே, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும் விரிசல் அகலம் குறைவாக இருந்தாலும் எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் நீர்மட்டம் அதைத் தொடும் நாளில் அது வாய்க்காலாகிவிடும்.

விரிசலின் இருபுறமும் முளைகள் அடித்து இடைவெளியை அளந்து குறியுங்கள். மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். குறுக்கு விரிசலாக இருந்தால், விரிசலின் அடிமட்டத்துக்கும் கீழே நீர்மட்டத்தை இறக்கி, சுண்ணாம்புப் பாலை ஊற்றி, வெள்ளைக் கோடு மறையும் ஆழம்வரை தோண்டுங்கள். பிறகு கரையின் மண்ணை ஒத்த மண்ணை, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். மேல்வாயில் மட்டும் மண்ணைத் திணித்து மூடுவது விரிசலைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர நீரிடமிருந்து மறைக்காது.

கரைச்சரிவு வழுக்கி இறங்கியிருக்கிறது

வெளிச்சரிவு வழுக்குவது பெரும்பாலும் ஏரி நிறைந்திருக்கும்போது அல்லது அடைமழைக்குப் பின் நிகழும். உள்சரிவு வழுக்குவது நீரை மிக வேகமாக இறக்கிய பின் நிகழும். ஆகவே அவசரமில்லாத நாள்களில் நாளொன்றுக்குச் சுமார் 30 செ.மீ.க்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. வெளிச்சரிவு வழுக்கியிருந்தால் நீரை இறக்குங்கள், முகட்டில் வண்டியை விடாதீர்கள், சரிந்த மண்ணை ஜே.சி.பி. கொண்டு அள்ளி ஒழுங்குபடுத்தாதீர்கள். கரையடியில் கிடக்கும் அந்த மண்தான் மேலுள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியோரத்தில் மணலும் ஜல்லியும் பரப்பி, அவற்றின்மேல் கருங்கல் பாரத்தை ஏற்றுவது தற்காலிகத் தாங்கல். நிலையான தீர்வு சரிவைச் சாய்வாக்குவதே. ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு மீட்டரும் உள்பக்கம் இரண்டரை முதல் மூன்று மீட்டரும் கிடையாக இருப்பது சிறிய கரைகளுக்குப் பொதுவான அளவு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமாக இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து 39 பேர் இறந்தனர். அதன் வெளிச்சரிவு மிகச் செங்குத்தாக இருந்ததும், சில ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே ஒரு பகுதி சரிந்திருந்ததும் விசாரணையில் தெரியவந்தன. முன்பு சரிந்த இடத்தை யாராவது அளந்து, காரணம் தேடியிருக்கலாமே என்ற ஆதங்கம் அந்த அறிக்கையின் செய்திகளை நினைக்கும்போதெல்லாம் எழுகிறது.

முகட்டிலோ சரிவிலோ குழி, பொந்து, புற்று, மரம்

குழியைக் கண்டதும் மூடாதீர்கள். நீண்ட கம்பியால் ஆழத்தையும் போக்கையும் பாருங்கள். வாயில் புதுமண் குவிந்திருந்தால் எலி, நண்டு, முள்ளம்பன்றி போன்றவற்றின் வேலை. முன்பு மரம் நின்ற இடமென்றால் வேர் மக்கிய பொந்து. இரண்டும் இல்லாமல் தட்டுப்போல அமிழ்ந்திருந்தால் அடியில் மண் போகிறது என்று கொண்டு, கசிவுக்குச் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். கரையான் புற்றைத் தட்டிச் சமப்படுத்துவதால் பயனில்லை. அடியில் உள்ள அறைவரை தோண்டி, மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும்.

கரையில் தென்னை வைப்பது நம் தோட்டங்களில் பரவலான பழக்கம். நிழலும் வருமானமும் தருகிறது என்றாலும், கரையின் முகட்டிலும் சரிவிலும் எந்த மரமும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு மாட்டுவண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். வெட்டிவிட்டால் மக்கிய வேர் குழாயாகும். கைத்தண்டை அளவுக்குள் உள்ள சீமைக்கருவேலக் கன்றுகளை வேரோடு இப்போதே பிடுங்குங்கள். பெரிய மரங்களை நீர் நிறைந்திருக்கும்போது வேரோடு பெயர்க்கக் கூடாது. கோடையில் மட்டம் தாழ்ந்தபின் வெட்டி, வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியை இறுக்கி நிரப்பி, அருகம்புல் பதியுங்கள்.

கலிங்கில் நீர் தாமதமாகப் போகிறது, மட்டம் முகட்டை நெருங்குகிறது

மண் கரையின்மேல் நீர் வழியக் கூடாது. வழிந்தால் வெளிச்சரிவு அரித்துச் சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, உபரிநீர் வெளியேறும் வழியான கலிங்கைப் பாருங்கள். ஆகாயத்தாமரை, மீன் தப்பாமல் கட்டிய வலை, இன்னும் கொஞ்சம் நீர் தேங்கட்டும் என்று அடுக்கிய கல்லும் மூட்டையும் ஆகியவை வழக்கமான தடைகள். வலையில் சருகு சேர்ந்தால் அது சுவராகிவிடும். மீனுக்காக அவசியமென்றால் கலிங்குக்கு வெகுமுன்னே, அகலமான கண்ணுள்ள கம்பித்தடுப்பாக வைத்து, மழையிரவில் அகற்ற ஓர் ஆளை நியமியுங்கள். கலிங்கின் மட்டத்தை உயர்த்துவது கரையின் பாதுகாப்பு உயரத்தைத் திருடுவதாகும். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாயில் தனியாருக்குச் சொந்தமான கா லோகோ அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் இறந்தனர். உபரிநீர் வழி மூடப்பட்டிருந்ததே விசாரணையில் முக்கியக் குற்றச்சாட்டாக எழுந்தது.

முகடு சமமாக இருக்கிறதா என்பதை நீர்க்குழாய் மட்டத்தால் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். டிராக்டர் ஏறும் இடமும் மாடு இறங்கும் இடமும்தான் தாழ்ந்திருக்கும். வெள்ளம் முதலில் தேடுவது அந்த இடத்தையே. மழைநாளில் மட்டம் நெருங்கினால், அந்தத் தாழ்வில் மட்டும் மூட்டை அடுக்கிச் சமப்படுத்தி, கலிங்கின் தடைகளை அகற்றி, மதகை முழுதாகத் திறந்துவிடுங்கள். கரையின் நடுவில் வெட்டி நீரை விட யாராவது சொன்னால் ஒருபோதும் இணங்காதீர்கள்.

மழைக்குப் பின் சரிவில் வரிவரியாக அரிப்பு

முகட்டை உள்பக்கமாகச் சாய்த்து, அரித்த வரிகளை நிரப்பிப் புல் வைத்தால் பொதுவாகச் சரியாகும். ஆனால் வரிகள் ஆழமாகச் செங்குத்துக் குழிகளாக இறங்கினால் மண்ணைச் சோதியுங்கள். பட்டாணி அளவு மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் மெல்ல இறக்கி வையுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போன்ற புகை பரவி அடியில் தவழ்ந்தால் அது நீரில் தானே கரைந்தோடும் களிமண். போர்வெல் நீரில் உள்ள உப்பு இந்தப் புகையை மறைத்துவிடும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். இத்தகைய மண்ணில் சிறு கசிவும் விரைவில் பெரிதாகும். ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு கலந்து மேலுறை அமைப்பதைப் பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள். உள்பக்கத்தில் அலை அரித்தால் சரளைப் படுகையின்மேல் கருங்கல் பதிப்பு போதும்.

கரை நிற்காது என்று தோன்றுகிறது

கலங்கிய நீர் பெருகுவது, ஏரிக்குள் சுழல் தெரிவது, முகட்டின்மேல் நீர் வழிவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கரையிலிருந்து ஆள்களை விலக்குங்கள். ஓடையோரக் குடியிருப்புகள், லயன் வீடுகள், பள்ளி, தரைப்பாலம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களின் தொலைபேசி எண்களை முன்கூட்டியே எழுதிக் காவலாளியிடம் கொடுத்திருக்க வேண்டும். உரிமையாளர் அல்லது மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் அழைக்கும் உரிமையும் காவலாளிக்கு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070, பொது அவசர எண் 112. கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள்.

கரை தப்பிவிட்டால் காரணம் தெரியும்வரை ஏரியை நிரப்பாதீர்கள். மண் கரையில் அனுபவமுள்ள பொறியாளர் பழுதைத் தோண்டிப் பார்த்துச் சரிசெய்த பிறகு, கொள்ளும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குவரை நிரப்பி நிறுத்திக் கசிவை அளங்கள். ஒரு வாரம் அளவு மாறாமலும் நீர் தெளிவாகவும் இருந்தால் அடுத்த பங்குக்கு ஏற்றுங்கள். எந்த மட்டத்தில் புட்டியின் அடியில் வண்டல் படிகிறதோ, அதற்கு ஒரு மீட்டர் கீழேயே மதகைத் திறந்துவைத்து, பொறியாளர் மீண்டும் வந்து பார்க்கும்வரை அந்த மட்டத்தைத் தாண்ட விடாதீர்கள்.